கால் முன்னே வந்து பிறந்தவள்

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று, சிறுவயதிலிருந்தே தேன்கனிக்கோட்டையில் பலர் என்னைத் தேடி வருவார்கள். நானும் நம்பினேன்.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் கணவர், தொப்பையைக் குறைக்க ஜிம்மில் சேர்ந்தார். பத்தாம் நாளே எடை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

“காலெல்லாம் மதமதன்னு இருக்குது மஞ்சு. ஆஸ்பத்திரி எதுக்கு? நீயே மிதிச்சு உடு” என்று குப்புறப் படுத்தார். மூன்று முறை மிதித்தேன்.

மறுநாள் அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை; கால்களைத் தூக்கவும் முடியவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்புகளை நசுக்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்தும் பாதங்களுக்கு உணர்வு திரும்பவில்லை.

“நான் மிதிச்சதாலயா சார்?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“எடை தூக்கினப்பவே பிதுங்கியிருக்கலாம். மரத்துப்போன உடனே வந்திருக்கணும்மா” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இப்போது யார் வந்தாலும் மிதிப்பதில்லை. “காலு மரக்குதா? ஒண்ணுக்கு சரியாப் போவுதா?” என்று கேட்டு, ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறேன்.

தினமும் காலையில் கணவரின் கால் கட்டைவிரலைத் தொட்டு, “தெரியுதாங்க?” என்பேன். கண்களை மூடியபடி, “லேசாத் தெரியுது” என்பார்.

நேற்று தொடாமலே கேட்டேன். அதற்கும் “தெரியுது” என்றார்.