அம்மா குடித்துப் பார்த்த தண்ணீர்

காலையில் அந்தப் பானையின் மூடியைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது வாடை இல்லை, சூடு. முந்தின நாள் கடை அடைக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்த பானை, விடிந்த பிறகும் தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கும். இறால் தலையிலிருந்து கசிந்த சிவப்பு எண்ணெய் மேலே ஆடை மாதிரி படிந்திருக்கும், அதைக் கரண்டியால் விலக்கினால்தான் நண்டு ஓட்டின் வாடை மூக்கில் ஏறும். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் அந்த வாடைக்குள்தான் நான் வளர்ந்தேன். அதை நினைத்து ஏங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு அது இன்றைக்கும் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். நண்டு, இறால், சோளம் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து மேசையில் கொட்டித் தரும் கடைகள் இப்போது நாங்கள் இருக்கும் செராசில் பெருகிவிட்டன. அதைப் பார்த்து அவளும் வீட்டில் செய்தாள். கூட்டாளிகள் தின்றுவிட்டுப் போன பிறகு பெரிய சட்டி நிறைய வெந்த தண்ணீர் மிச்சம். நல்ல ருசியாக இருக்கிறது, அப்படியே மூடி வைத்து நாளைக்கு இதில் மீ நூடுல்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் சட்டியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். "ஒரு தண்ணிக்கு இவ்வளவு கோவமாம்மா?" என்றாள். ஆமாம், ஒரு தண்ணீருக்குத்தான்.

எங்கள் கடையில் நண்டு ரசமும் இறால் மீயும் பேர் போனவை. இரண்டுக்கும் அடிப்படை அந்தப் பானைத் தண்ணீர். அன்றன்று மீன் பாசாரிலிருந்து வரும் இறாலையும் நண்டையும் அதில் வேகவைத்து எடுப்பார்கள், தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். மறுநாள் அதிலேயே புதுத் தண்ணீர் சேர்த்து மறுபடி கொதிக்கவிடுவார்கள். அதற்கு அப்பா வைத்த பெயர் "நேத்துத் தண்ணி". ருசியே அதில்தான் இருக்கிறது என்பார். கடையில் ஐஸ்பெட்டி இருந்தது, அதில் குளிர்பானமும் ஐஸ்கட்டியும் இருந்தன. பானைக்கு அதில் இடமில்லை, இடம் செய்ய வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியதும் இல்லை. யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "கொதிச்சா எல்லாம் செத்துரும்."

கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. காலையில் பானை கொதித்ததும் ஒரு கோப்பை எடுத்து அம்மாவிடம் நீட்டுவார். அம்மா குடிக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக் கூட்டம் வரும் வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் தண்ணீர் நல்ல தண்ணீர், கடையில் போடலாம். இதை அவர் மறைக்கவும் இல்லை, பெருமையாக ஊருக்கே சொன்னார். வழக்கமாக வருகிறவர்கள் உட்காரும்போதே, "என்ன போஸ், வீட்டம்மா இன்னைக்குக் குடிச்சாங்களா?" என்று கேட்பார்கள். "குடிச்சாச்சு. நிக்கிறா பாருங்க" என்று கரண்டியால் அம்மாவைக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். நானும் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன், அது நகைச்சுவை என்று நம்பித்தான்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், தைப்பூசம் முடிந்த கையோடு அது நடந்தது. விரதக் காலத்தில் எங்கள் கடையில் ஈ ஓட்ட வேண்டும். விரதம் முடிந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, நாக்கு செத்துப்போன கிள்ளான் முழுக்க நண்டு தேடிக்கொண்டு வரும். அதற்காக அப்பா இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீர் சேர்த்தார். வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் சனிக்கிழமை இறால் வெந்தது, அது ஞாயிற்றுக்கிழமைக்கு நின்றது. அடைமழைக்கு முந்தின புழுக்கம். பானை தரையில் கிடந்தது.

ஞாயிறு காலை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். "புளிக்குதுங்க. இது வேணாம்" என்றாள்.

அப்பா சிரித்தார். "நல்லதாப் போச்சு. ரசத்துக்குப் புளி மிச்சம்."

அப்பாவின் அக்கா, என் அத்தை, கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கடையில் கூட்டம் வருகிற நாளாகப் பார்த்து இவளுக்கு ஏதாவது ஒரு நோவு வந்துவிடும் என்று சொன்னாள். அப்பா பானையை இன்னொரு முறை கொதிக்கவிட்டார், மிளகாயும் பூண்டும் அள்ளிப் போட்டார். கொதிக்கக் கொதிக்க அந்தப் புளித்த வாடை மறைந்து நல்ல வாசனை வந்ததை நானே முகர்ந்தேன். அதுதான் அந்தத் தண்ணீரின் திருட்டுத்தனம்.

பதினொரு மணிக்கே மேசைகள் நிரம்பிவிட்டன. வழக்கமான ஆள் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு அப்பா கரண்டியால் காட்டவில்லை. "இங்க வா. இவங்க முன்னாடியே குடிச்சிக் காட்டு" என்று அம்மாவை முன்னால் கூப்பிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தார். அம்மா அவரைப் பார்த்தாள், மேசைகளைப் பார்த்தாள், மூச்சு விடாமல் குடித்து முடித்தாள். ஒரு ஆள் மேசையைத் தட்டிப் பாராட்டினார். நண்டு ரசம் பரிமாறப்பட்டது.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது அம்மா கடைக்குப் பின்னால் லோங்காங் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் குடித்தது வந்தது, பிறகு மஞ்சளாக வந்தது, பிறகு ஒன்றுமே வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. புடவையை மாற்றக்கூட அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். திரும்பிப் போய்ப் பானைக்குள் பார்த்தார். அந்த ஒரு கணத்தை நான் மறக்கவே மாட்டேன், ஏனென்றால் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவர் செய்தது, வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது என்று பின்கதவைச் சாத்தியதுதான். சாத்திவிட்டு அடுத்த கிண்ணத்தை மொண்டார்.

கதவு சாத்தியிருந்ததால் வெயிலிலேயே அரிசிச் சாக்கை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தேன். தண்ணீர் கொடுத்தால் அதையும் கக்கினாள். பக்கத்தில் முடி வெட்டும் கடை வைத்திருந்த சீன ஆன்டிதான் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம் மலாயில் சத்தம் போட்டார். கூட்டம் குறையட்டும், பிறகு கூட்டிப் போகிறேன் என்று அப்பா சிரித்த முகமாகவே சொன்னார். ஆன்டி போய்க் கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் அம்மாவைத் தூக்கிக் காரில் போட்டோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அம்மாவுக்கு என் பெயர் நினைவில்லை.

கொதிக்கவைத்தோமே என்று நான் டாக்டரிடம் கேட்டேன். சின்ன வயதுப் பெண் டாக்டர், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சூடு ஆறாமல் தேங்கி நிற்கிற தண்ணீரில் கிருமி பெருகும், பெருகும்போது சில கிருமிகள் விஷத்தைக் கக்கி வைக்கும். கொதித்தால் கிருமி செத்துப்போகும், அது கக்கின விஷம் போகாது. அப்பா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் கடை நடந்தது. உடம்பில் நீர் வற்றி அம்மாவின் சிறுநீரகம் அடிபட்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள், பழைய நிலைக்குத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. திரும்பவும் இல்லை.

அன்றைக்குச் சாப்பிட்ட சிலர் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். அப்பா அசரவில்லை. "எந்த ஊர் நியாயம் இது? என் சம்சாரமே ஆஸ்பத்திரியில கெடக்குறா. வைரஸ் சுத்துதுலா" என்றார். அவள் நன்றாக இருந்தபோது தண்ணீருக்கு அவள் சாட்சி, படுத்துவிட்டபோதும் அவளேதான் சாட்சி. வந்தவர்கள் அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா வீடு திரும்பிய மறுநாளே அப்பா கோப்பையை என் முன்னால் வைத்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கொஞ்ச நாளைக்கு நீ குடி என்றார். கடைக்கு மேலேயே எங்கள் வீடு. மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கி வந்தாள்.

"அவ குடிக்க மாட்டா" என்றாள். "நீங்க குடிங்க."

அத்தை வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். அப்பா கோப்பையைக் கையில் எடுத்தார். உதடு வரைக்கும்கூடக் கொண்டுபோகவில்லை. "காலையில எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, கோப்பையில் இருந்ததைத் திரும்பப் பானையிலேயே ஊற்றினார்.

அம்மா பானையைக் காலால் தள்ளினாள். அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் சமையல்கட்டு முழுக்க ஓடிப் பின்வாசல் வழியாக லோங்காங்கில் இறங்கியது. அப்பா அறைந்தார். விழுந்தாள், எழுந்தாள். அன்று முதல் கடை அடைக்கும் நேரத்தில் தினமும் இறங்கி வந்து பானையைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அடி விழுந்த நாளும் கவிழ்த்தாள், அடி விழாத நாளும் கவிழ்த்தாள். ருசி போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். கூட்டம் கரைந்தது. "இவ கடையக் கெடுக்க வந்தவ" என்று அத்தை சாகும்வரை சொன்னாள்.

கிள்ளானில் அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. முடி வெட்டும் ஆன்டியின் கடையும் இல்லை. அம்மா பல வருடம் டயாலிசிஸ் ஊசியோடு வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எப்போதாவது பழைய வாடிக்கையாளர் யாராவது என்னை அடையாளம் கண்டு, உங்கப்பா வைத்த நண்டு ரசம் மாதிரி இப்போது எங்கே கிடைக்கிறது என்று அங்கலாய்ப்பார்கள். எங்கேயும் கிடைக்காமலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

என் மகளுக்கு மறுநாள் பதில் சொன்னேன். சாப்பிட்டவர்கள் கைபட்ட தண்ணீரைத் தொடாதே. சுத்தமாக எடுத்து வைத்ததை வேண்டுமானால் வடிகட்டி, அகலமான சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் வை. மறுநாள் தளதளவென்று கொதிக்கவைத்து ஒரே தடவை பயன்படுத்து, மிச்சத்தைக் கொட்டு. வெளியில் கிடந்ததா, யோசிக்காதே, ருசி பார்க்காதே, கொட்டு. நாக்குக்கு எல்லாம் தெரியாது.

அப்பா உயிரோடுதான் இருக்கிறார். அவரை வைத்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் செராசில் என் வீட்டில் இருக்கிறார். மூன்று வேளையும் நான்தான் சாப்பாடு போடுகிறேன். தட்டு வந்ததும் கை வைக்க மாட்டார். குனிந்து முகர்ந்து பார்ப்பார், பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கிச் செஞ்சதுதானேம்மா?" என்று கேட்பார். இன்றைக்குச் செய்ததுதான், ஒரு நாளும் நான் பழையதைப் போட்டதில்லை. ஆனால் உடனே பதில் சொல்வதும் இல்லை. பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். காத்திருக்கட்டும்.