நாலு மாதக் கஷாயம்

எந்த வீட்டு ஆண் எந்த மாதம் விமானம் ஏறினான், அடுத்த லீவு எப்போது என்பதெல்லாம் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே இருந்த அந்தத் தெருவுக்கு மனப்பாடம். 1999 சித்திரையில் குந்தவையின் வயிறு உப்பத் தொடங்கியபோது, அவள் புருஷன் ராம்கி குவைத்துக்குப் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. தெரு விரல்விட்டு எண்ணியது. எண்ணி முடித்தவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். அவள் குழாயடிக்கு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

மாமியார் நாகம்மாள் நேராகவே கேட்டாள்.

"யாருடி?"

"யாரும் இல்லத்த. சத்தியமா யாரும் இல்ல."

"அப்ப இது என்ன, காத்துல வந்துதா?"

வைகாசியிலிருந்து தினமும் விடிந்ததும் பித்தளை டம்ளரில் கருஞ்சீரகக் கஷாயம். கூடவே எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை. பிள்ளை கலைய வேண்டும். நாகம்மாள் பொல்லாதவள் அல்ல. மகன் காதுக்குப் போவதற்குள் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தாள். ஒரு பெண்ணின் வயிற்றில் பிள்ளையைத் தவிர வேறெதுவும் வளரலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. டவுனில் ஸ்கேன் சென்டர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கே போனால் தெரிந்தவர் கண்ணில் படும் என்பதே பெரிய கவலை.

குந்தவை குடித்தாள். மாதவிலக்கு முன்னும் பின்னுமாகப் போனதில் அவளுக்கே சந்தேகம் வந்தது. தான் எவனையும் தொட்டதில்லை என்று தெரிந்தும் வயிற்றில் கைவைத்துக் காத்திருப்பாள். ஆடியில் ஒரு காலை உள்ளே ஏதோ புரண்டது. "போயிடு" என்று அதனிடம் கெஞ்சினாள். பிறகு, அது பயந்திருக்குமோ என்று தடவிக்கொடுத்தாள்.

புரட்டாசி நடவில் குனிய முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நடவு ஆட்களைக் கூட்டிவரும் பொன்னுத்தாய் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வந்தாள். நாலு பெற்றவள்.

"ஏம்மா, ஊரு என்னென்னமோ பேசுது. எனக்கென்னமோ புள்ளையாத் தெரியல. புள்ள இருந்தா கன்னம் இப்படியா ஒட்டிப்போவும்? கையப் பாரு, நாத்தாட்டம் இருக்கு."

"அப்ப இது என்னக்கா?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன மிஷினா? சேத்தக் கழுவிட்டு வா. பன்னெண்டு மணி பஸ்ஸு இருக்கு."

டவுன் ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. சினைப்பையில் கட்டி, வயிறு முழுக்க நீர். தஞ்சாவூரில் பெரிய ஸ்கேனும் எடுத்து, புற்றுநோய் என்று சொன்ன டாக்டரம்மா கேட்டார்: "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

குந்தவை முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். தகவல் கேட்டு ஓடிவந்த நாகம்மாள்தான் பேசினாள்.

"அப்ப புள்ள இல்லையா டாக்டரம்மா?"

"இல்லம்மா. இது புத்துநோய்."

"அப்பாடா" என்று நாகம்மாள் பெஞ்சில் சாய்ந்தாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து குந்தவையே ராம்கிக்குச் சொன்னாள். அவன் கேட்டது இதுதான்: "டாக்டர் எழுதிக் குடுத்த சீட்ட ஒரு காப்பி எடுத்து அனுப்பு."

அறுவை சிகிச்சையில் கட்டியையும் கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். மருந்து சொட்டும்போதெல்லாம் அந்த "அப்பாடா" காதில் விழுந்தது. விடியற்காலையில் கை தானாகத் தையலுக்குப் போகும். இல்லாத ஒன்றை விரட்டிவிட்ட குற்றவுணர்வு அவளை விடவில்லை.

மார்கழியில், இரண்டாவது தடவை மருந்து ஏற்றி, முடியெல்லாம் உதிர்ந்து அவள் வீடு திரும்பியபோது, குழாயடிப் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். நாகம்மாள் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

"நல்லாப் பாருங்கடி. கர்ப்பப்பையில ஒண்ணுமே இல்ல. எம் மருமவள என்னா பேச்சு பேசுனீங்க."

"அத்த," என்றாள் குந்தவை. "அந்தப் பித்தள டம்ளரையும் எடுத்தாங்க."

"அது எதுக்குடி இப்ப?"

"இதக் கரைக்க நாலு மாசம் எதுல குடிச்சேன்னு இவங்களும் பாக்கட்டும்."

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாகம்மாள் நகரவில்லை. உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது.