பொட்டில்லாத நாற்பத்தொரு இசைத்தட்டுகள்

எங்கள் அண்ணன் கரூரில் பிறந்தார். டெக்சஸின் ஆலனில் மறைந்தார். நடுவே, ஒருநாளும் போயிராத பாரிஸில் வாழ்ந்தார்.

காரணம், ஒரு பிரெஞ்சு இசைக்குழு. கல்லூரி விடுதியில் யாரோ விட்டுச்சென்ற அதன் இசைத்தட்டு ஒன்று அவரைப் பிடித்தது, விடவேயில்லை. குழு எப்போது உடைந்தது, எப்படி ஒட்டியது, எந்த இசை நடத்துநர் யாரோடு முறைத்துக்கொண்டு போனார், எல்லாம் அவருக்கு எங்கள் குலவரலாற்றைவிட நன்றாகத் தெரியும். "கேளுடா, பழைய பிரெஞ்சு பஸூன் குழல். மூக்கடைச்சவன் பேசற மாதிரி என்ன அழகு! அப்புறம் ஜெர்மன் குழலுக்கு மாத்திட்டானுங்க, பாவிங்க" என்பார், அழாத குறையாக.

ஆலனுக்குப் புதிதாக வரும் குடும்பங்களை விமான நிலையம் போய் அழைத்துவருவது அவர்தான். வழியெல்லாம் அந்த இசைதான். ஃப்ரீவேயில் இறங்கியும் ஓட முடியாது.

புது வண்டிக்கு வைப்பதுபோல ஒவ்வொரு இசைத்தட்டின் உறைக்கும் அண்ணி சந்தனமும் குங்குமமும் வைப்பார். பொட்டில்லாமல் எதுவும் அலமாரி ஏறக்கூடாது.

அண்ணன் போனபின் அண்ணி பேச்சை நிறுத்திக்கொண்டார். "ம்." "சாப்பிடுங்க தம்பி." அவ்வளவுதான். அழவும் இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

ஜெர்சி சிட்டியில் மகளின் சிறிய வீட்டுக்கு அவர் குடிபோக வேண்டியிருந்தது. போன மாதம் இசைத்தட்டு வியாபாரி ஒருவரை வரவழைத்தோம். அவர் பொட்டுகளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கறை படாதவை மட்டும் போதும் என்று சொல்லி, பின்வரிசையிலிருந்து நாற்பத்தொன்றைப் பொறுக்கினார்.

அண்ணி எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"தம்பி, இதுல பொட்டு இல்ல."

"ஆமா அண்ணி, அதனாலதான் எடுத்துக்கறாராம்."

"பொட்டு இல்லன்னா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாம வாங்கியிருக்காரு! இனி ஒண்ணுகூட வாங்க மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணின மனுஷன்!"

நேரே அண்ணன் படத்தின் முன் போய் நின்றார். "என்னங்க! லேட் மீட்டிங், லேட் மீட்டிங்னு சொன்னீங்களே, இதுதானா? சிரிப்பு வேற! முதல்ல சிரிக்கறத நிறுத்துங்க!"

திட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எங்கோ குரல் உடைந்தது. ஓராண்டு அழுகையையும் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டினார். வியாபாரி விழித்தார்.

"தம்பி, அவர இட்லி சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. ஒண்ணும் விக்கறதா இல்ல. நான் இன்னும் பேசி முடிக்கல."

இறுதி நாள்களில் பக்கத்திலிருந்த மருத்துவர்களுக்கும், முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த ஆலன் நண்பர்களுக்கும், வெறுங்கையோடு திரும்பிய அந்த வியாபாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணி எப்படி இருக்கிறார் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஜெர்சி சிட்டியில், அவ்வளவு இசைத்தட்டுகளுக்கும் நடுவே, நலமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.