எல்லோருக்கும் ஒரே வாசகம்

லாசெம் போகும் நெடுஞ்சாலையில், உப்பளங்கள் முடிந்து மீன்சந்தை தொடங்குகிற வளைவில், காலை வேளையில் ஒரு கிழவர் சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு நிற்பார். அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, சாலையைக் கடக்கப் பிள்ளைகளும் இல்லை. லாரிக்காரர்கள் "பைத்தியம்" என்று ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறார்கள். பைத்தியமாம்! வண்டி ஓட்டத் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா இவர்களுக்கு? எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த பாக் தர்முஜி அவர். எங்களுக்குப் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. நான் ஜுமிரா, அந்தப் பள்ளியில் சோயாப் பயறில் செய்கிற தெம்பேவை வறுத்து விற்கிறவள். அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

ஆள் குள்ளம். கறுப்புத் தொப்பி, கஞ்சி போட்ட சட்டை. சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல உதட்டை இறுக்கி வைத்திருப்பார். எங்கள் பள்ளி வாசலைத் திறந்தால் நேரே நெடுஞ்சாலைதான். இரவும் பகலும் லாரி. தினமும் காலையில் அவரே அந்தச் சிவப்புக் கொடியைப் பிடித்து நடுரோட்டில் நின்று லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடத்திவிடுவார். "பாக், காவலாளிக்குச் சம்பளம் குடுக்கிறது எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "இபு ஜும், நீங்க தெம்பேவைக் கருக்காம பாருங்க" என்றார். நல்ல வாய்.

அவருக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் பயம். தேர்ச்சி அறிவிக்கிற நாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அன்றைக்குச் சட்டையில் சாயம் பீய்ச்சிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கூட்டமாக ஊர்வலம் போகும். முன்பு அவர் வேலை பார்த்த பள்ளியில் அப்படிப் போன ஒரு பையனை லாரி அடித்துவிட்டது. அவன் செருப்பைப் பொறுக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தவர் இவர்தான். அதனால் எங்கள் பள்ளியில் அன்றைக்கு வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் பேசினோடு நிற்பார். வண்டிச் சாவியெல்லாம் அதில் விழ வேண்டும், பொழுது சாய்ந்தபிறகுதான் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் "சாவிக் கொத்து" என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் தெரியும். "கூப்பிடட்டும், கூப்பிட உயிரோட இருக்குதுங்க இல்ல?" என்றார். அவர் வந்தபிறகு அந்த நாளில் ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழவில்லை.

பிறகு அவருக்கு லாசெமுக்கு மாற்றல் வந்தது. தேர்ச்சி நாளும் அவருடைய கடைசி நாளும் ஒன்றாகவே விழுந்தன. "இந்தக் கூட்டத்தையும் முழுசா வீட்டுக்கு அனுப்பிட்டேன்னா நிம்மதியாப் போய்ச் சேருவேன்" என்று என் கடையில் தேநீர் குடித்தபடி சொன்னார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டதே அந்த ஒன்றுதான்.

அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். முற்றத்தில் பாய் விரித்து, மஞ்சள் சோறு வைத்துப் பிரிவு விழா. பன்னிரண்டாம் வகுப்பின் கோமாளி சுப்ரி எழுந்து தொப்பியைச் சரித்துப் போட்டு, உதட்டை இறுக்கி, அவரைப் போலவே கொடியாட்டிக் காட்டினான். சிரித்துச் சிரித்து எனக்கே வயிறு வலித்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். முதல் வருஷம் கடல்தண்ணீர் வகுப்புக்குள் ஏறியபோது முழங்கால் தண்ணீரில் பெஞ்சு சுமந்ததை ஒருத்தி சொன்னாள். கழிப்பறையில் புகை பிடித்தவர்களுக்குத் தலைமுடியை வெட்டி, அது கோணலாகப் போய்விட்டதென்று தன் காசில் முடிதிருத்தும் கடைக்கு அனுப்பிய கதையை இன்னொருவன் சொன்னான்.

கடைசியாக நூனிங் எழுந்தாள். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற வாகியெமின் ஒரே பெண். அவளுடைய அப்பா செத்ததும் வாகியெம் பெண்ணை உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டாள். பாக் தர்முஜி அந்த உப்புச் சேற்றில் இறங்கிப் போய்த் தாயோடு சண்டை போட்டு அவளைத் திரும்பக் கூட்டி வந்தார். சீருடைகூட அவர் அலமாரியிலிருந்துதான். பழைய மாணவர்கள் விட்டுப்போகிற சட்டைகளை வாங்கி வைத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார், படித்து முடித்ததும் துவைத்துத் திருப்பித் தர வேண்டும்.

"பாக் அன்னிக்கு வரலைன்னா நான் இப்ப உப்பு வாரிக்கிட்டு இருப்பேன்" என்றாள். அதற்கு மேல் அழுகை. அவர் தொப்பியைக் கழற்றி, ஒன்றுமில்லாத தூசியைத் தட்டித் தட்டி மறுபடி போட்டுக்கொண்டார்.

சாயத்துக்குத்தான் அனுமதி கிடையாது. அதனால் மார்க்கர் பேனாவைக் கொடுத்து, சட்டை முதுகில் எழுதித் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள். எல்லோர் முதுகிலும் ஒன்றையே எழுதினார்: பார்த்துப் போ.

"என்ன பாக், ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எழுதக்கூடாதா? கஞ்சத்தனம் பண்றீங்களே!" என்றான் சுப்ரி.

"எல்லாரும் ஒரே ரோட்டுலதானேடா போறீங்க" என்றார்.

நூனிங்கின் முறை வந்தது. "என் சட்டையில வேணாம் பாக். திருப்பிக் குடுக்கணுமே" என்று உள்ளங்கையை நீட்டினாள். அதில் எழுதினார்.

அத்தோடு விட்டிருந்தால் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் பள்ளிக் குழுத் தலைவர் என்று ஒருவர் இருந்தாரே, ஹாஜி முக்லாஸ், அவருக்கு மரியாதை பொங்கி வழிந்தது. மாற்றலாகிப் போகிறவரைப் புது இடம்வரை கூட்டமாகக் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். ஆசிரியர்கள் வேனிலும் பிக்கப்பிலும், பிள்ளைகள் மோட்டார் சைக்கிளிலும்.

"பெரியவங்க மட்டும் வாங்க. பிள்ளைங்க வேணாம். இன்னிக்கு நாள் சரியில்ல" என்றார் பாக் தர்முஜி.

"நல்லா இருக்கே! பிள்ளைங்க இல்லாமப் போய் இறங்கினா லாசெம்காரன் என்ன நினைப்பான்? இந்த ஆளு அங்க ஏதோ வம்பு பண்ணிட்டு வந்திருக்கான்னு பேசுவான். எங்களுக்கும் தலைகுனிவு பாக்."

"பேசினாப் பேசட்டும் ஹாஜி."

"அப்போ பிள்ளைங்க அன்பை வேணாங்கறீங்க?"

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "ஒரே ஒரு தடவை, பாக். உங்களுக்காகத்தானே" என்று நூனிங்தான் கெஞ்சினாள். அத்தனை வருஷம் யாருக்கும் அசையாத மனிதர் சாவி கிடந்த பேசினைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அவர் குனிந்து சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தலையிலும் ஹெல்மெட் பட்டையைத் தானே இழுத்துப் பார்த்தார்.

வேனில் உட்கார மறுத்துவிட்டார். கடைசியாகப் போகிற பிக்கப்பின் பின்தட்டில், பிள்ளைகளைப் பார்த்த மாதிரி, கொடியோடு உட்கார்ந்தார். சோற்றுக்கூடைகளோடு நான் பக்கத்தில். பின்னால் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு வண்டியாக ஒழுங்காகத்தான் வந்தார்கள். ஒருவரும் முந்தவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டார்கள், பாவிப் பிள்ளைகள். கடைசி வண்டி சுப்ரியுடையது, அவன் பின்னால் நூனிங்.

மீன்சந்தை வளைவில், அவர்களுக்குப் பின்னால், தலைகளுக்கு மேலே ஓர் உப்பு லாரி தெரிந்தது. பிரேக் பிடிக்கவில்லை, இடமும் வலமுமாக அலைந்தபடி வந்தது. பாக் தர்முஜி துள்ளி எழுந்தார். கொடியை வீசி, "ஓரம்! ஓரம் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தினேன். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சுப்ரி காலையில் செய்து காட்டியது போல இவர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தார்கள். சிரித்தார்கள். எல்லோரும் கையை உயர்த்தித் திருப்பி ஆட்டினார்கள். நூனிங் எழுத்துத் தெரியும்படி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

லாரி அடித்ததில் சுப்ரி உப்பள வரப்பில் போய் விழுந்தான். ஒரு கால் போயிற்று, உயிர் தப்பியது. நூனிங்கை எடுத்துக்கொண்டு வந்தது நானும் பாக் தர்முஜியும்தான். அவர் புதுப் பள்ளிக்குப் போகவே இல்லை. ஹாஜி முக்லாஸ் மட்டும் "இறைவன் விதி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். விதியாம். சாவியைப் பிடுங்கிக் கொடுத்தது விதியா, அவர் வாயா?

அன்றைக்கே, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அடக்கத்துக்காகப் பெண்ணைக் குளிப்பாட்டினோம். வாகியெம் கால் பக்கம், நான் கைப் பக்கம். கிணற்றடியில் துணியால் மறைப்புக் கட்டியிருந்தது. அதற்கு வெளியே ஈர மண்ணில் பாக் தர்முஜி சட்டையெல்லாம் ரத்தமாகக் குந்தியிருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னால் காதில் விழவில்லை.

உள்ளங்கையில் இருந்த மை போகவில்லை. சோப்புப் போட்டேன், எலுமிச்சை வைத்துத் தேய்த்தேன். சுத்தமாக அனுப்ப வேண்டுமே என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.

வாகியெம் என் கையைப் பிடித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "என்னக்கா அது? என்ன எழுதியிருக்கு?"

எலுமிச்சையைக் கீழே வைத்தேன். மறைப்புக்கு வெளியே அவர் இருக்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னேன். "பார்த்துப் போன்னு எழுதியிருக்கு. அவங்க பாக் எழுதினது."

அவள் மகளின் கையை வாங்கித் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"அப்போ இருக்கட்டும். அழிக்காதீங்க. ரொம்ப தூரம் தனியாப் போறா."