பூநாரை பார்க்கப் போன சனிக்கிழமை

காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன ஓட்டோ ஆறே காலுக்கு வந்தது. மன்னார் ரவுணில் எங்கள் வீட்டிலிருந்து, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிப் பாதை தொடங்கும் இடத்துக்கு நடந்தே போகலாம். இதற்குப் போய் ஓட்டோவா, இதற்குப் பெயர் பயணமா என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். அந்தப் பூநாரைகள் இந்தியாவின் வடமேற்குக் கரையிலிருந்து கடல் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து நிற்கின்றன. வாசலில் இருந்த நாங்கள் அறுபது வயது கடந்த பிறகுதான் வெளிக்கிட்டோம்.

வெளிக்கிட்டதற்குக் காரணம் என்னவரின் கண். கண் அழுத்தம் என்று டொக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. துளிமருந்து விடுகிறோம். ஆனாலும் பக்கங்கள் இருண்டு கொண்டு வருகின்றன. நடுவில் சிறிய ஓட்டை மாதிரி ஓர் இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதிலும் கிட்ட இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது கலங்கும். சென்ற மாதம் யாழ்ப்பாணத்துக்குக் காட்டப் போனபோது, அடுத்த மாரிக்கு இந்தப் பார்வை இருக்குமா என்று கேட்டேன். "சொல்லேலாதம்மா" என்றார் டொக்டர். வீட்டுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஒரே ஒரு விஷயந்தான் கேட்டார்.

"பிலோ, அந்தப் பூநாரையளை ஒருக்கா நிண்டு பாக்கோணும்."

இவர் இருபது வருடத்துக்கு மேல் தாம்போதியில் பஸ் ஓட்டியவர். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர் முழுக்கப் பறவை. ஆனால் தாம்போதியில் பஸ்ஸை நிறுத்த முடியுமா? பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவான். சண்டைக் காலத்தில் செக் பொயின்றில் மணிக்கணக்காக நிறுத்தி வைத்தார்கள்தான். அப்போது அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பறவை எங்கே தெரிந்தது! இப்போது பாதையும் திறந்து, ஓய்வும் கிடைத்து, நேரமும் இருக்கிறது. பார்க்கக் கண் இல்லை. இதை நினைத்தால் எனக்கு அழுகையைவிட ஆத்திரந்தான் கூட வருகிறது, யாரில் என்று தெரியாத ஆத்திரம்.

கொழும்பில் இருக்கிற மகள் ஒரு கமெரா வாங்கி அனுப்பினாள். தூரத்தில் நிற்பதைக் கிட்ட இழுக்கும் கமெரா. நான் படம் எடுக்க வேண்டும், பின்னால் இருக்கிற சின்னத் திரையை இவர் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். தபால் கந்தோரில் முத்திரை குத்திய கைக்கு இந்த வயதில் இப்படி ஒரு வேலை.

ஓட்டோக்காரர் நௌசாத் எருக்கலம்பிட்டி ஆள். நாற்பது வயதிருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி ஓட்டமெல்லாம் அவரோடுதான். நாள் முழுவதும் நிற்பதற்கு ஐயாயிரம் ரூபா என்று பேசிக்கொண்டோம்.

ஆறரைக்குத் தாம்போதியின் நடுவில், பாலத்துக்கு இப்பால், ஓரமாக இறங்கினோம். வாடைக்காற்று சேலையைப் பிடுங்கியது. மின்கம்பத்தடியில் ஒரு கூழைக்கடா, வள்ளமும் வலையும் வைத்திருக்கிற வயிறு நிறைந்த சம்மாட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். முதல் படத்தில் வால் மட்டும் விழுந்தது. இரண்டாவதில் தலை இல்லை. மூன்றாவது சரி வந்தது. திரையை இவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"அட, பொறும், பொறும். சொண்டுக்குக் கீழ பை தொங்குது! கண்ணைச் சுத்தி மஞ்சள். இவ்வளவு வடிவே இது?" என்றார். பிறகு ஒவ்வொரு படத்துக்கும், "காட்டும் பாப்பம், காட்டும் பாப்பம்" என்று நச்சரிப்பு. ஊசிவால் தாராக்களைக் காட்டினேன். அரிவாள்மூக்கனைக் காட்டினேன். சங்குவளை நாரை ஒன்று ஒற்றைக் காலில் நித்திரை கொண்டதைக் காட்டினேன். "உம்மட கொப்பர் சாய்மனைக் கதிரையில படுக்கிற மாதிரியே கிடக்கு" என்று என் அப்பாவைப் பகிடி பண்ணினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்த வாயால் ஒரு பகிடி!

பூநாரைகள் மட்டும் வசப்படவில்லை. வங்காலைப் பக்கத்துத் தண்ணீரில் மெல்லிய வெள்ளைக் கோடாக, வெகு தூரத்தில் நின்றன. முழுவதும் இழுத்தும் படத்தில் அரிசியைக் கொட்டிவிட்ட மாதிரித்தான் வந்தது. இவர் திரையைக் கன நேரம் பார்த்தார்.

"இது பூநாரையெண்டு நீர் சொன்னா நான் நம்புறன்" என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. இரவல் கண்ணால் பார்க்கவா இந்த மனிதர் வந்தவர்?

தேத்தண்ணிக் கடையில் நௌசாத்தான் வழி சொன்னார். "அக்கா, ஓலைத்தொடுவாய்க்கு உள்ளால போனா ஒரு களப்புத் தண்ணி கிடக்கு. நேத்து ஹயர் போகேக்க கண்டன். கரையில இருந்து கல்லெறி தூரத்தில நிக்குது, அவ்வளவு கிட்ட. ஆனா பின்னேரம் வீச்சுவலையோட ஆக்கள் இறங்குவாங்க. நாய்களும் வரும். எழும்பிப் போயிரும்."

"காலமை போனா?"

"காலமை வெயில் கண்ணுக்கு நேரா அடிக்கும். அண்ணனுக்கு ஒண்டும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. அன்று பின்னேரம் ஓலைத்தொடுவாய்க் கத்தோலிக்கக் கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். அங்கே இருக்கிற என் மச்சாள் கிழமை தொடங்கியதிலிருந்து வரச்சொல்லிக் கொண்டிருந்தாள். கொடியேற்றம் என்றால் ஊரில் ஒரு குஞ்சுகூட வீட்டில் இராது. வலை வீசுகிறவனும் குளித்து வெள்ளை உடுப்புப் போட்டுக் கோயில் முற்றத்தில் நிற்பான். எசமான் போகிற இடத்துக்கு நாயும் போகும். களப்பு எங்களுக்கு மட்டும்!

"அக்கா, நீங்க பெரிய மூளைக்காரி" என்றார் நௌசாத்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கடைக்காரருக்கு மூன்று பிளேன்ரீக்கும் வடைக்கும் முந்நூற்றைம்பது ரூபா கொடுத்துவிட்டு, பெருமையோடு ஓட்டோவில் ஏறினேன். மத்தியானம் வீட்டில் மீன்குழம்பும் சோறும். இவர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கவில்லை. வேறு சேட்டுப் போட்டுக்கொண்டு நாலு மணி வரைக்கும் வாசலிலேயே இருந்தார்.

நாலரைக்கு ரவுணை விட்டோம். தலைமன்னார் றோட்டில் கழுதைகள் வழிவிட மறுத்ததில் கொஞ்ச நேரம் போனது. பேசாலைக்கு முன்னால் திரும்பி, பனைகளுக்கிடையில் மணல் பாதை. வீட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினைந்து கிலோமீற்றர் வராது. ஊருக்குள் நான் நினைத்தபடியே எல்லாப் படலையும் சாத்திக் கிடந்தது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது. நாய்கூட இல்லை. நான் நௌசாத்தைப் பார்த்து, "எப்பிடி?" என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினேன்.

உடைமுள் மரங்களுக்குள் ஓட்டோவை விட்டுவிட்டு, மூவரும் வரம்பால் நடந்தோம். இவருடைய ஒரு கை என் தோளில், மறு கை நௌசாத்தின் கையில். சேறும் உப்பும் கலந்த மணம். மரங்கள் முடிந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

நின்றன. உண்மையாகவே கல்லெறி தூரம். நூறோ இருநூறோ, எண்ண எனக்குப் பொறுமை இல்லை. குச்சிக் கால்கள், வளைந்த கழுத்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் சொண்டு. இடையிடையே ஒன்று செட்டையை விரிக்கும்போது உள்ளே இருந்த சிவப்பு, யேசுவே, வெளியே இப்படி வெளிறிப் போயிருக்கிற பறவைக்குள் அவ்வளவு சிவப்பு! கமெராவைத் தூக்கினேன். பிறகு தாழ்த்தினேன். முதலில் இவர் தன் கண்ணால் பார்க்கட்டும், அதுதான் முறை, படம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை இன்றும் ஏசிக்கொள்கிறேன்.

பின்னால் நின்று, இவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினேன். அந்தச் சின்ன ஓட்டைக்குள் பறவை விழ வேண்டுமே.

"இடது பக்கம். இன்னும் கொஞ்சம். இப்ப?"

"தண்ணி தெரியுது. ஒரு வெள்ளையும் தெரியுது. அதோ?"

"அது நுரை. காத்துக்கு ஒதுங்கின நுரை. அதுக்குக் கொஞ்சம் மேல பாருங்கோ."

"பொறும்... பொறும்... என்னவோ அசையுது..."

அந்த நேரத்தில் வெடித்தது.

கொடி ஏறும்போது வெடி கொளுத்துவார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிற வெடி. தீவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வெடி இல்லாமல் கொடியேற்றம் ஏது? ஊர் கோயிலுக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்ட என் மண்டைக்கு, கோயில் சத்தம் ஊருக்கு வரும் என்று ஓடவில்லை. சரம் சரமாக வெடித்தது. கூடவே மணியும்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்ததாக நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொடி வெடி கேட்டால் எங்கள் ஆட்கள் எங்கே நின்றாலும் கோயில் பக்கம் திரும்பிவிடுவார்கள். கடலில் வள்ளத்தில் நிற்பவனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கரைப்பக்கம் திரும்புவான். யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பு தானாகத் திரும்பும். இவர் திரும்பினார். நான் திரும்பினேன். நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று சிலுவை அடையாளம் போட்டோம். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்! ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். முதுகுக்குப் பின்னால் பெரிய ஓசை ஒன்று எழுந்தது, நூறு பாயை ஒன்றாக உதறுகிற மாதிரி. அது எனக்குக் கேட்டது. கேட்டும் மந்திரத்தை முடிக்காமல் என்னால் திரும்ப முடியவில்லை.

"அல்லாஹ்!" என்று நௌசாத் கத்தினார். அவர் திரும்பவில்லை. கொடி அவருடையது இல்லையே. எல்லாம் எழும்பி, செட்டையெல்லாம் சிவப்பாக வானத்தில் விரிந்து போனதை எங்கள் மூவரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நான் திரும்பியபோது களப்பு வெறுமையாகக் கிடந்தது. தண்ணீரில் அலை மட்டும் இன்னும் அடங்கவில்லை. பாக்குநீரிணைப் பக்கமாக வெகு உயரத்தில் ஒரு கயிறு மாதிரி ஏதோ போய்க்கொண்டிருந்தது.

இவர் மெதுவாகச் சிலுவை போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார். நான் பிடிப்பதற்கு முன்னரே, நான் பழக்கின மாதிரித் தலையை இடது பக்கம் சாய்த்துத் தேடினார். பொழுது சாய்கிற வெளிச்சம் கரை நுரையில் விழுந்து இளஞ்சிவப்பாகக் கிடந்தது.

"ஆ!" என்றார். "பிலோ, தெரியுது! நிக்குதுகள். நல்ல வடிவாத் தெரியுது. சிவப்புக்கூடத் தெரியுது."

நௌசாத் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

பொய் சொல்வது என் பழக்கம் இல்லை. இவர் கறிக்கு உப்புப் போட மறந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? சூரியனைப் பார்த்த மாதிரி மலர்ந்திருந்தது.

"ஓம்" என்றேன். "நிக்குதுகள்."

"எத்தினை இருக்கும்?"

"கனக்க இருக்கும்."

"நௌசாத், நீர் சொன்னது சரி. கல்லெறி தூரந்தான்."

"ஓம் அண்ணன்" என்றார் நௌசாத். பிறகு சாறத்தை உதறிக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார்.

"எடும், எடும். போகமுன்னம் ஒரு படம் எடும்" என்றார் இவர்.

எடுத்தேன். வெறும் தண்ணீரையும் நுரையையும் எடுத்தேன். ஒன்று போதும் என்று நிறுத்தினால் சந்தேகப்படுவார் என்று இன்னும் நாலைந்து எடுத்தேன். ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் அந்தச் சத்தம் எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. இவரோ கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி நிற்கிற ஆள் மாதிரி, ஆறுதலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். இருட்டுகிறது, போவோம் என்று நான் சொல்லும் வரைக்கும் அசையவில்லை.

மச்சாள் வீட்டில் கொடியேற்றப் பலகாரம் தந்தாள். வெடி எப்படி என்று கேட்டாள். இந்த முறை இளைஞர்கள் சேர்ந்து கூடுதலாக வாங்கினார்களாம். நல்ல வெடி என்று சொன்னேன்.

ஏழு மணிக்கு ஓட்டோ மீண்டும் தலைமன்னார் றோட்டில் ஏறியது. மின்சாரக் காற்றாடிக் கம்பங்களின் சிவப்பு வெளிச்சம் இருட்டில் மினுங்கியது. வழியெல்லாம் நௌசாத் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிடுவோம், உண்மையைச் சொல்லி, நாளைக்கும் மறுநாளும் வந்து தேடுவோம் என்று மனதைக் கட்டிக்கொண்டு, கமெராவை எடுத்து இவர் பக்கம் நீட்டினேன்.

"இஞ்சருங்கோ, படத்தைப் பாக்கிறியளோ?"

காலையில் ஊசிவால் தாராவின் வாலைக்கூட விடாமல் பார்த்தவர். என் கையைத் தேடிப் பிடித்து, கமெராவையும் சேர்த்து மெல்ல என் மடிக்குத் தள்ளினார்.

"வேண்டாம் பிலோ. அந்த நுரையை அழிச்சுப் போடும்."

பிடித்த கையை விடவில்லை. பெருவிரலால் என் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். எருக்கலம்பிட்டிச் சந்தி போனது, ரவுண் வெளிச்சம் தெரிந்தது, வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. அடுத்த மாரிக்கும் போவோம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.