பிரெஞ்சுத் திருடர்களைப் பார்க்க ஒரகடம் போனேன்

பழைய பிரெஞ்சுப் படம் பார்க்க யாராவது ஒரகடம் போவார்களா என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஊர் முழுக்கத் தொழிற்சாலை, கன்டெய்னர் லாரி, புழுதி. ஆனாலும் இந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போய்விட்டு வந்தேன். இப்படியும் ஒரு பயணம் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தடவை இடத்தைவிட அதுதான் பெரிது.

எனக்குப் பல்லாவரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறு விடுமுறை. கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுக் கொள்ளைப் படங்களும், நுவார் என்கிற இருட்டுப் படங்களும் எனக்குப் பைத்தியம் என்பது இந்த வலைப்பூவைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். போன வருடம் அவற்றின் அழகைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். பாட்டில்லை, வசனம் குறைவு, திருடன்கூடப் பொறுப்பாக வேலை பார்க்கிறான். திட்டம் சரியாகத்தான் இருக்கும், மனுஷன்தான் கவிழ்ப்பான். பிடிபட்டவன் என்ன அடித்தாலும் கூட்டாளியின் பெயரைச் சொல்ல மாட்டான். ‘அந்த மௌனம்தான் இந்தப் படங்களின் தர்மம்’ என்று ஒரு வரி போட்டேன். எழுதியபோது என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் இசக்கி, வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், வயது இருபத்தாறு, ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஞாயிறுதோறும் தங்கள் அறையில் இந்தப் படங்களைப் போடுவதாகவும், தமிழ் சப்டைட்டில் தானே எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். மாதிரிக்கு ஒரு காட்சியின் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தார். பாரீஸ் மழையில் தொப்பி போட்ட ஒருவன் நிற்கிறான். கீழே, ‘ஏலே, மெதுவா வால, நாய் முழிச்சிரும்’ என்று எழுதியிருக்கிறது. கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. ‘செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கம்பெனியில ஒரு விசாரணை. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு நேர்ல கேட்கணும்.’

பல்லாவரத்தில் 6.10க்குச் செங்கல்பட்டு மின்சார ரயில். பத்து ரூபாய் டிக்கெட். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் அவசரப்பட்டு ஏறிவிடாதீர்கள், அந்த ஞானம் எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. 6.58க்குச் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து ஒரகடம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய். எட்டுப் பேர் சேராமல் டிரைவர் சாவியைத் திருப்பவே இல்லை. இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா சார், எந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூ?” என்றார்.

“இன்டர்வியூ இல்லை. சினிமா பார்க்கப் போறேன்.”

“ஒரகடத்துக்கா? தாம்பரத்துல அத்தினி தேட்டர் கீது, அத்த வுட்டுட்டு இங்க வர்றியே சார்!” என்று மற்ற ஏழு பேரையும் பார்த்தார். ஆறு பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை.

கூட்டுரோட்டில் இறங்கும்போது மணி எட்டாகப் பத்து நிமிடம். இசக்கி டீக்கடையில் காத்திருந்தார். ஒல்லியான ஆள், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. “வாங்க அண்ணாச்சி” என்று கையைப் பிடித்துக்கொண்டவர் விடவில்லை. டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாகவே இருந்தது. குடித்து முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அவர் வேலை பார்ப்பது பிரஸ் மிஷினில். இரும்புத் தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மிஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு இருக்கிறதே. அதனால் ஒரு பட்டனை அழுத்தி டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில், வேலை விறுவிறுவென்று ஓடும். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போலப் போவார். லைனில் எழுதாத சட்டம் ஒன்று மட்டும் உண்டு. டேப் ஒட்டியவன்தான் ஷிப்ட் முடியும்போது பிரிக்க வேண்டும், அடுத்தவன் வந்து நிற்கும்போது மிஷின் சுத்தமாக இருக்க வேண்டும்.

“ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறலை அண்ணாச்சி. அன்னைக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் பஸ் ஹார்ன் அடிச்சுட்டான். ஓடிட்டேன். பஸ்ல பாதி தூரம் வந்த பொறவுதான் டேப் ஞாபகம் வந்துச்சு. லைனுக்குள்ள யாருக்கும் போன் கிடையாது. என்ன செய்ய?”

அடுத்த ஷிப்டில் வந்து நின்றவர் தேவா. வல்லக்கோட்டைக்காரர், இசக்கியின் நெருங்கிய நண்பர். இடது கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வலது முழங்கை மற்ற பட்டனில் பட்டுவிட்டது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் தேவா, ‘டேப்பை நான்தான் ஒட்னேன்’ என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னால் எல்லாம் அவர் கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லைனில் எல்லாருக்கும் உண்மை தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“அவன் சொல்லுதான், எனக்கு இங்கன வூடு இருக்கு, உனக்கு வேலை போனா ரூமையும் காலி பண்ணணும், நீ பேசாதன்னு. நீங்களும் அதைத்தான எழுதியிருக்கீக? மௌனம்தான் தர்மம்னு. அப்போ நான் பேசாம இருந்தா சரிதான அண்ணாச்சி?”

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். “படத்துக்கு அது சரி தம்பி, வாழ்க்கை வேற” என்று மழுப்பினேன். “வேறன்னா எப்படி?” என்றார். “முதல்ல படம் பார்ப்போம், நேரமாச்சு” என்று எழுந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

வல்லக்கோட்டைப் பக்கம் மூன்று கிலோமீட்டர், இசக்கியின் பைக்கில் போனோம். வழியெல்லாம் மனைப்பிரிவுக் கொடிகள். மாடியில் ஒரு நீளமான அறை, ஆறு பேர் தங்குகிறார்கள். பார்க்க வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். ஜன்னலில் உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டி, பட்டப்பகலிலேயே நல்ல இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் வெள்ளை வேட்டி. தேவா முன்வரிசையில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வா சார், நீதான் அந்த எய்தறவரா? நல்லா எய்தற. கொஞ்சம் சுருக்கா எய்து” என்றார். அறையே சிரித்தது. அவர் சொன்னதும் சரிதான்.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கமென்டில் வந்து முடிவைச் சொல்லிவிடுவீர்கள். மூன்று பேர் ஒரு ரொட்டிக்கடை நிலவறையிலிருந்து பக்கத்து வங்கியின் சுவரை உடைக்கிறார்கள். இருபது நிமிடம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. ஈரத்துணி சுற்றிய உளி, ஒவ்வொன்றாக வெளியே வரும் செங்கல், கையிலிருந்து கைக்குப் போகும் செங்கல். இந்தக் காட்சியை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நிழலையும் கேமராவையும் ரசித்திருக்கிறேன். இவர்கள் பார்த்ததோ வேறு.

“மூணாவது ஆளு வெயிட்டிங்ல நிக்கான் பாருல, லைன் பேலன்ஸ் இல்ல” என்றார் ஒருவர். “ஒரு செங்கலுக்கு நாப்பது செகண்டு” என்று இன்னொருவர் செல்போனில் பார்த்துச் சொன்னார். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் வேலை செய்வதைப் பார்த்தார்கள். இந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இனிமேல் இதைத்தான் சொல்வேன். கையால் வேலை செய்கிறவனை, பேசவைக்காமல், அவசரப்படுத்தாமல், முழுசாகப் பார்க்கிற சினிமா எங்கே இருக்கிறது? பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசிப் பகுதியில் ஒருவன் பிடிபடுகிறான். அடிக்கிறார்கள், கூட்டாளியின் பெயரை அவன் சொல்லவில்லை. போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தெருவிலேயே ஒரு காபிக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால், அவன் கூட்டாளி உட்கார்ந்திருக்கிறான். வண்டி தாண்டிப் போகிறது. அவன் கோப்பையை எடுத்துக் குடிக்கிறான்.

இந்த மாதிரி இடத்தில் வழக்கமாக இங்கே விசில் பறக்குமாம். அன்று யாரும் அடிக்கவில்லை. தேவாதான் பேசினார். திரையைப் பார்த்தபடியே, படத்தில் மூழ்கிப்போய், கோபமாகக் கேட்டார்.

“அந்தாளு அங்க ஒத வாங்கிகினு போறான். இவன் இன்னாத்துக்கு குந்திகினு காபி குடிச்சிகினு கீறான்? எய்ந்து போவேண்டியதுதானே!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சட்டென்று திரும்பி, “டேய் இசக்கி, படத்தச் சொன்னேன்டா. சத்தியமா படத்தத்தான் சொன்னேன்” என்றார். இசக்கி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்குவது அந்த இருட்டிலும் தெரிந்தது. படம் முடிந்தும் யாரும் லைட் போடவில்லை.

மொட்டைமாடிக்குப் போன இசக்கியின் பின்னால் நானும் போனேன். அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். “தம்பி, நான் எழுதினது தப்பு. தப்புன்னா, பாதிதான் எழுதினேன். உள்ளே இருக்கிறவன் பேசாம இருக்கிறது அவனோட பெருந்தன்மை. வெளியே இருக்கிறவன் பேசாம இருந்தா அதுக்கு வேற பேரு. போய்ச் சொல்லிடுப்பா.”

“சொல்லிருதேன் அண்ணாச்சி. அவன் கண்ணைப் பார்த்துச் சோறு திங்க முடியலை.” முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “டேப் போட்டாத்தான் டார்கெட் வரும்னு தெரிஞ்சே விட்டாங்கல்லா, அதையும் சேர்த்துச் சொல்லுதேன்.”

இனிப் பயண விவரம். வல்லக்கோட்டை முருகன் கோவிலை அங்கிருந்து பார்க்கலாம், நான் வெளியே நின்று கும்பிட்டதோடு சரி. செவ்வாயும் கிருத்திகையும் கூட்டம் நெரியும். சாப்பாடு கூட்டுரோட்டில் தொண்ணூறு ரூபாய், இரண்டாவது தடவை ரசம் கேட்டால் முறைப்பார்கள். ஷிப்ட் மாறுகிற காலை ஆறு, மதியம் இரண்டு மணியை ஒட்டி ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்க முயற்சி செய்யாதீர்கள், அது வேலைக்குப் போகிறவர்களின் நேரம். திரும்பும்போது படப்பை வழியாகத் தாம்பரம் பஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், படப்பைக் கடைத்தெரு நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அறையின் விலாசம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். அது அவர்கள் தூங்குகிற இடம்.

செவ்வாய்க்கிழமை கடையில் வேலை ஓடவில்லை. ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன், நல்லவேளை அவரே பார்த்துச் சொன்னார். மதியம் ஒன்றரைக்கு இசக்கியிடமிருந்து ‘சொல்லிட்டேன்’ என்று ஒரு வார்த்தை வந்தது. பத்து நாளில் முடிவும் தெரிந்தது. இசக்கிக்கு வேலை போய்விட்டது. சூப்பர்வைசரையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். தேவாவுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் போய்ச் சொல்லச் சொன்னேனே, அந்தப் பையனின் சோற்றில் கை வைத்தேனா என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்து இசக்கி போன் செய்தார். குரல் தெளிவாக இருந்தது.

“ஏன்டா சொன்னன்னு தேவா ரெண்டு நாள் எங்கிட்டப் பேசலை அண்ணாச்சி. ரூமைக் காலி பண்ணுத அன்னைக்கு பைக்கு ஓட்ட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு அவனே வந்து நிக்கான். பையைக் குடுலேன்னா குடுக்க மாட்டேங்கான், பஸ் வரைக்கும் அவனே தூக்கிட்டு வந்தான். நான் உள்ள ஏறி உட்கார்ந்தேன். அவன் வெளிய நின்னு, கட்டுப் போட்ட கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டான். பஸ் நகருது, விடாம கூடவே நடந்து வாரான். ‘வலிக்கும்லே, விடு’ன்னு கத்துதேன். ‘வலிக்கலடா’ன்னான்.”