கதவைப் பூட்டாதீர்கள் என்றவர்

ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையின் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போதுதான் ஞானசெல்வி அவர்களின் தம்பி போனில் கூப்பிட்டார். அக்கா இறந்துவிட்டார் என்றார். கோர்ட்டுக்குக் கிளம்பி நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். போகிற நேரமா இது? மலைக்காரர்களின் வழக்கு அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது. யார் எழுந்து பேசுவார்கள்?

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அட்வகேட் ஞானசெல்வி பாறசாலைப் பக்கத்துத் தமிழ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கோர்ட்டில் மலையாளத்தில் வாதாடுவார், கட்சிக்காரர்களிடம் தமிழில் பேசுவார், என்னைத் திட்டும்போது இரண்டும் கலந்து வரும். மிளகாய் வற்றல் கடைக்கு மேலே, மாடியில் அவர் நடத்திய இலவச சட்ட உதவி மையத்துக்கு நான் கணக்கெழுதினேன். வேலைக்குப் போன வீட்டில் அடிபட்ட பெண்களும், பிள்ளைகள் துரத்திவிட்ட வயதானவர்களும் அந்த நெடியில் தும்மிக்கொண்டேதான் தங்கள் கதையைச் சொல்வார்கள். எந்த மனுவையும் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்க மாட்டார். நேரமாகிறது என்று நான் முணுமுணுத்தால், "அவங்க பொழப்பு அண்ணாச்சி, அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்.

பொன்முடிக்குப் போகிற வழியில் மூடிப்போன ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் தொழிலாளர் குடியிருப்பை லயம் என்பார்கள். சேர வேண்டிய பணத்தைக் கொடுக்காமலே அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களைக் காலி பண்ணச் சொன்னது நிர்வாகம். கணவனை இழந்த பாக்கியம் என்ற பெண்தான் முதலில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஞானசெல்வி தடை உத்தரவு வாங்கினார். வழக்கு முடியும்வரை குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது. ஆனால் ஆளில்லாத வீட்டை நிர்வாகம் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே வித்துராவில் ஜீப் பிடித்து மலையேறினோம். லயத்து முற்றத்தில் நின்றுகொண்டு சொன்னார்:

"கல்யாணமோ காதுகுத்தோ, எதுன்னாலும் வீட்டுக்கு ஓராள் இருக்கணும். கதவப் பூட்டிட்டு மட்டும் யாரும் எறங்காதீங்க. நீங்க உள்ள இருக்கதுதான் நம்ம கேஸே."

அப்படியே இருந்தார்கள். கூரை ஒழுகியது, மின்சாரம் போனது, இருந்தார்கள்.

எங்கள் மையம் ஓடியது ஓர் அறக்கட்டளையின் நிதியில். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், குற்றம் சொல்வதற்கில்லை. பயனாளிகள் தங்கள் வீட்டு வாசலில் அறக்கட்டளையின் பெயர்ப் பலகையைப் பிடித்து நிற்கிற படம் அறிக்கைக்கு வேண்டும் என்றார். ஞானசெல்வி மறுத்துவிட்டார். ஒரு படம்தானே, கொடுத்துத் தொலையுங்களேன் என்று நான் மன்றாடினேன்.

"அவங்க கேக்கது தர்மம் இல்ல அண்ணாச்சி, நியாயம். நியாயம் கேக்கவங்கள எதுக்குப் பலகையக் குடுத்து நிறுத்தணும்?" என்றார்.

அடுத்த ஆண்டு நிதி வரவில்லை. பிடிவாதம் பிடித்த மனுஷி! காலையில் வாகன விபத்து வழக்குகள் நடத்தி, அதில் வந்ததைக் கொண்டு மையத்தைத் திறந்து வைத்தார். டாக்டரைப் பாருங்கள் என்றால் விசாரணை முடியட்டும் என்பார். எந்த விசாரணை ஐயா முடிந்தது இந்த நாட்டில்?

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மலைக்காரர்கள் திரண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜீப்பிலும் பஸ்ஸிலும் நசுங்கி, கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தங்களுக்காக நின்றவரின் சாவுக்கு வீட்டுக்கு ஒருவரை அனுப்பி வைப்பதா? அவர்களுக்கு அந்த யோசனையே வரவில்லை. எனக்கும் வரவில்லை, அதுதான் கொடுமை. பாக்கியத்தை மட்டும் காணோம். நன்றி கெட்டவள், முதலில் வந்து நிற்க வேண்டியவள் அவளல்லவா என்று பெண்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் பாக்கியம் போன் செய்தார். தன் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் நிர்வாகத்தின் ஆட்கள் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்றார். பாத்திரமும் பாயும் முற்றத்தில் கிடக்கின்றனவாம். ஆளில்லாத வீடு, உத்தரவில் இடம் இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது.

மறுநாள் மலையேறினேன். லயம் முழுக்கப் பாக்கியத்தின் ஒற்றை அறையில் அடைந்துகிடந்தது. எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார் அவர். முந்தின நாள் திட்டிய பெண்கள் முகத்தை நிமிர்த்தவே இல்லை. என்னைக் கண்டதும் பாக்கியம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஒரு பிடி மண்ணு போட முடியலையேன்னு நெஞ்சு கெடந்து அடிச்சுச்சுங்கய்யா. ஆனா எதுக்குன்னாலும் எறங்காதன்னு சொன்னது அவங்கதானுங்களே."

நான் கணக்கெழுதுகிறவன், சட்டம் படித்தவனல்ல. நாலைந்து வக்கீல்களிடம் போய்விட்டேன். எல்லோரும் ஞானசெல்வியை நினைத்து உருகினார்கள், ஒருவரும் வழக்குக் கட்டைத் தொடவில்லை. அறக்கட்டளையிலிருந்தும் கூப்பிட்டார்கள். அஞ்சலி வெளியிட வேண்டுமாம், மலைமக்களோடு அவர் நிற்கிற படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

அம்மா, உங்கள் மேல் வைத்த பாசத்தால் அத்தனை பேரும் வீட்டை இழந்துவிட்டார்கள். உங்கள் சாவுக்கு வராதவள் வீடு ஒன்றுதான் மிச்சம். திங்கட்கிழமை கோர்ட்டில் வழக்கின் பெயரைக் கூப்பிடுவார்கள். பாக்கியத்தால் வர முடியாது, அவர் இறங்கினால் அந்தக் கதவும் போய்விடும். நான் போவேன். எழுந்தும் நிற்பேன். பேச என்னால் முடியாது. அமைதியாகத் தூங்குங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.